முதல் சின்ன ப்ராஜெக்ட்டை எடுத்து முடிப்பது எப்படி: ஒரு தையல் கடையை வைத்துச் சொல்கிறேன்

கோடிங் கற்று ஓரிரு வருடம் ஆகியிருக்கும். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு கடைக்காரரோ கிளினிக்காரரோ ட்யூஷன் சென்டர்காரரோ "ஒரு சாஃப்ட்வேர் பண்ணித் தர முடியுமா தம்பி" என்று கேட்டிருப்பார், நீங்களும் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருப்பீர்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஒருவர் அல்லது இருவர் செய்கிற வேலை, இரண்டு மூன்று மாதக் கெடு, பெரிய நிறுவனங்களில் இருப்பது மாதிரி தனி மேனேஜர், தனி டெஸ்டர் என்று யாரும் கிடையாது. இந்த அளவு வேலைக்கு என்ன திட்டம் போட வேண்டும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று நான் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். கும்பகோணத்தில் ஒரு தையல் கடை. கீழே கவுன்டர், மாடியில் ஆறு மெஷின், ஒரு கட்டிங் மாஸ்டர், கடையை நடத்துவது ஒரு அக்கா. ஆர்டர் எடுப்பது, அளவு குறிப்பது, டெலிவரி தேதி, பாக்கிப் பணம் இவற்றைக் கணினியில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் கேட்டது.

நான் பார்த்தவரை சின்ன ப்ராஜெக்ட்டுகள் நிரல் சரியில்லாமல் நின்றுபோனது குறைவு. பேசாமல் விட்டவை, எழுதாமல் விட்டவை, "அது இருக்கும்தானே" என்று இரண்டு பக்கமும் வேறு வேறாக நினைத்துக்கொண்டவை, இவைதான் கடைசி மாதத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கின்றன. அதனால் கீழே சொல்வதில் பாதி பேசுவதையும் எழுதுவதையும் பற்றித்தான் இருக்கும்.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கடையில் போய் உட்காருங்கள்

முதல் வாரம் கோடிங் வேண்டாம். கடையில் இரண்டு நாள், ஒரு நாள் கூட்டம் இருக்கும்போது, ஒரு நாள் சும்மா இருக்கும்போது, ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நான் உட்கார்ந்த முதல் நாள் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மா பட்டுப்புடவையின் பிளவுஸ் துணியைக் கொண்டுவந்தார். அக்கா பில் புக்கில் பெயர், போன் நம்பர், தேதி எழுதினார், கார்பன் வைத்த அடித்தாளை நகர்த்தினார், துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அடித்தாளில் ஸ்டேப்ளர் அடித்தார். பத்து விநாடி ஆகியிருக்காது. அந்தத் துண்டைப் பற்றி முந்தைய வாரம் ஒரு மணி நேரம் பேசியபோது ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஏன் வரவில்லை? அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றாது. ஆனால் மாடியில் நாற்பது பச்சை பிளவுஸ் கிடக்கும்போது எது யாருடையது என்று மாஸ்டர் கண்டுபிடிப்பது அந்தத் துண்டை வைத்துத்தான். அதை விட்டுவிட்டு நான் எவ்வளவு அழகாகத் திரை வடிவமைத்திருந்தாலும் மாடியில் அது ஒரு நாள்கூட ஓடியிருக்காது.

இன்னொன்று, அளவு பிளவுஸ். நிறைய பேர் டேப் வைத்து அளவு கொடுப்பதே இல்லை, நன்றாகப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்றைக் கொடுத்து "இதே மாதிரி, கை மட்டும் ஒரு இன்ச் நீளம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படியானால் அந்த ஆர்டரில் மார்பளவு, இடுப்பளவு எல்லாக் கட்டமும் காலியாகத்தான் இருக்கும், மென்பொருள் அதைத் தப்பு என்று சொல்லித் தடுக்கக் கூடாது. அந்தப் பழைய பிளவுஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று ஒரு குறியும் வேண்டும்.

கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். "உங்களுக்கு என்னென்ன வேண்டும்" என்று கேட்டால் வேறு எங்கோ பார்த்த மென்பொருளில் இருந்ததையெல்லாம் சொல்வார்கள். வரைபடம், ரிப்போர்ட், மொபைல் ஆப் என்று பட்டியல் நீளும். அதற்குப் பதிலாக, "கடைசியாக எப்போது வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினீர்கள், என்ன ஆயிற்று" என்று கேளுங்கள். அக்கா யோசிக்கவே இல்லை. ஒருவர் பில்லைத் தொலைத்துவிட்டு வந்தார், தைத்து முடித்த துணி எந்த அடுக்கில் இருக்கிறது என்று தேடவே முக்கால் மணி நேரம், கடைசியில் கிடைத்தது, ஆனால் ஓவர்லாக் அடிக்காமல் இருந்தது. இதிலேயே மூன்று தேவை வந்துவிட்டது: போன் நம்பர் வைத்துத் தேட வேண்டும், எந்த அடுக்கு என்று தெரிய வேண்டும், எந்த வேலை பாக்கி என்று தெரிய வேண்டும்.

திரும்பும்போது பழைய பில் புக்கின் சில பக்கங்களையும் அளவு நோட்டின் சில பக்கங்களையும் கேட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தல் திருத்தல் இருக்கும் பக்கமாகப் பார்த்து எடுங்கள். விதிவிலக்குகள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள், தமிழிலேயே

பார்த்ததையும் கேட்டதையும் வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். முப்பது பக்க ஆவணம் வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். கடைக்காரர் டீ குடித்துக்கொண்டே படித்து முடிக்கிற மாதிரி, அவருடைய வார்த்தைகளிலேயே இருக்க வேண்டும். "யூசர் மாட்யூல்" என்று எழுதாதீர்கள், "கவுன்டரில் ஆர்டர் எடுப்பது" என்று எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தில் நான்கு விஷயம் இருந்தால் போதும். இந்த மென்பொருள் என்ன செய்யும், என்ன செய்யாது, எது நடந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம், யார் சொன்னால் இறுதி.

இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "என்ன செய்யாது" என்ற பகுதியை "என்ன செய்யும்" அளவுக்கே நீளமாக எழுதுங்கள். தையல் கடைக்கு நான் எழுதியது: டெய்லர்களின் பீஸ் ரேட் கூலிக் கணக்கு இதில் வராது. நூல், லைனிங், கொக்கி ஸ்டாக் வராது. வாடிக்கையாளர் தன் போனில் பார்க்கிற ஆப் வராது. இரண்டாவது கிளை திறந்தால் அதற்கு வேறு பேச்சு. இதைப் படித்ததும் அக்கா "கூலிக் கணக்கு வராதா?" என்று நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வி முதல் வாரத்தில் வந்தது எவ்வளவு நல்லது என்று யோசித்துப் பாருங்கள். பத்தாவது வாரத்தில் வந்திருந்தால் அது சண்டை, முதல் வாரத்தில் வந்ததால் வெறும் பேச்சு. பேசி, அதை இரண்டாம் கட்டத்துக்கு என்று தனியாக எழுதிக்கொண்டோம்.

மூன்றாவதற்கு, "எல்லாம் நன்றாக ஓட வேண்டும்" என்று எழுதினால் அதற்கு முடிவே கிடையாது. எண்ணிப் பார்க்கிற மாதிரி எழுதுங்கள். "இரண்டு வாரம் பில் புக்கும் கணினியும் சேர்ந்து ஓடி, இரண்டின் பாக்கித் தொகையும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது" என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்டது.

நான்காவது, ஒரே ஒருவர். இதற்கு முந்தைய ஒரு வேலையில் பணம் கொடுப்பவர் கணவர், கவுன்டரில் உட்காருபவர் மனைவி, எனக்கு இரண்டு பேரும் போன் செய்வார்கள். அவர் ஒன்று சொல்வார், இவர் நேர்மாறாகச் சொல்வார், நான் இரண்டையும் செய்து இரண்டு பேரிடமும் கெட்ட பெயர் வாங்கினேன். ஏழு வாரம் வீண். இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறேன், "எது வேண்டும், எது வேண்டாம் என்று யார் சொல்வதை நான் கேட்க வேண்டும்?" பெயரை எழுதி அவர்கள் முன்னாலேயே படித்தும் காட்டிவிடுவேன்.

துண்டு துண்டாக உடைப்பது

இப்போது வேலையை உடைக்க வேண்டும். "டேட்டாபேஸ் டிசைன்", "லாகின் பக்கம்", "ஏபிஐ" என்று உடைத்தால் ஆறு வாரம் வரை கடைக்காரரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. கடையில் இருப்பவர் செய்து பார்க்கக்கூடிய ஒரு காரியம், அதுதான் ஒரு துண்டு. "போன் நம்பர் போட்டால் அவருடைய பழைய ஆர்டர்கள் தெரிய வேண்டும்" ஒரு துண்டு. "டெலிவரி தேதி நாளைக்கு என்று இருப்பவை மட்டும் மாஸ்டரின் போனில் தெரிய வேண்டும்" இன்னொன்று. முடிந்தவரை எந்தத் துண்டும் இரண்டு மூன்று நாளைத் தாண்டக் கூடாது, தாண்டுகிற மாதிரி தெரிந்தால் அதை இன்னும் உடைக்கப் பாருங்கள். தையல் கடைக்கு எனக்கு பத்தொன்பது துண்டு வந்தது.

பிறகு வரிசை. முதலில், ஒரே ஒரு பிளவுஸ், ஒரே ஒரு வாடிக்கையாளர், ஆர்டர் எடுப்பதிலிருந்து பில் அச்சடித்துப் பணம் வாங்குவது வரைக்கும் மெல்லியதாக ஒரு இழை ஓட்டிவிடுங்கள். திரை அசிங்கமாக இருக்கலாம், பாவாடை, சுடிதார் எதுவும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓட வேண்டும். எது எதோடு ஒட்டவில்லை என்பது இதில்தான் தெரியும்.

அடுத்து, எது உங்களுக்குப் பயமாக இருக்கிறதோ அதை எடுங்கள். எளிதானதை முதலில் செய்து முடித்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் தெரியாதது அப்படியே கடைசியில் உட்கார்ந்திருக்கும்.

எனக்குப் பயமாக இருந்தது பிரின்டர். பில் தமிழில் வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பான நிபந்தனை, நியாயமானதும்கூட, வருகிறவர்களில் பாதிப் பேர் ஆங்கிலம் படிக்காதவர்கள். கடைகளில் பார்க்கிற அந்தச் சின்ன தெர்மல் பிரின்டர்களுக்கு எழுத்தை அனுப்பினால் அது தன் உள்ளே இருக்கும் எழுத்துருவை வைத்து அச்சடிக்கும், வழக்கமாகக் கிடைக்கும் மலிவான பிரின்டர்களில் தமிழ் எழுத்துரு இருக்காது. அனுப்பிப் பார்த்தேன், வரிசையாகக் கேள்விக்குறியும் கட்டமும் வந்தது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. "கொ" என்பது கணினி எழுத்துக் குறியீடான யூனிக்கோடில் க, அதன் பின் ஒகரக் குறி என்று சேமிக்கப்பட்டாலும் அச்சில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும், அதற்கு எழுத்துகளை அடுக்கித் தருகிற ஒரு வேலை நடக்க வேண்டும், பிரின்டருக்கு அது தெரியாது. அதனால் முழு பில்லையும் கணினியிலேயே படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாள் என்றால் அகலம் 384 புள்ளி, 80 மில்லிமீட்டர் என்றால் பொதுவாக 576 புள்ளி. 384 புள்ளிக்குள் "காஜா பட்டன், லைனிங், எம்மிங்" என்று எழுதித் தொகையும் போட்டால் இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினால் "ண"வும் "ன"வும் ஒன்று போலத் தெரிகிறது. கடைசியில் 80 மில்லிமீட்டர் பிரின்டர்தான் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. இது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்ததால் அக்கா பழைய 58 மில்லிமீட்டர் பிரின்டர் ஒன்றை வாங்கப் போவதை நிறுத்த முடிந்தது.

எத்தனை நாள் ஆகும்?

இந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை சொல்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று எண் எழுதுங்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள். வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் ஓரளவு நம்பத் தகுந்த எண் கிடைக்கும். அமெரிக்கக் கடற்படை 1950களின் கடைசியில் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய முறை இது, ஒரு தையல் கடைக்கும் அது பொருந்துகிறது. தமிழ் பில் அச்சுக்கு நான் போட்டது 2, 4, 12. அதாவது 2 + 16 + 12 = 30, ஆறால் வகுத்தால் 5 நாள். வெறும் மனக்கணக்கில் சொல்லியிருந்தால் 3 என்றுதான் சொல்லியிருப்பேன். இந்த முறையில் எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது எண்தான். 12 என்று எழுதும்போதே ஏன் 12 என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, அப்போது ஆபத்து எங்கே என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாத் துண்டும் கூட்டினால் 40 நாள் வந்தது. இதை 8 வாரம் என்று எண்ணிவிடாதீர்கள். போன், கடைக்குப் போய் வருவது, காய்ச்சல், மின்வெட்டு, உறவினர் கல்யாணம் எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு 4 நாள் உருப்படியான வேலை நடந்தாலே பெரிய விஷயம். 40 நாள் என்பது 10 வாரம்.

அப்புறம் கடையின் நாட்காட்டியைப் பாருங்கள், உங்களுடையதை மட்டும் பார்க்காதீர்கள். தையல் கடையில் மே, ஜூனில் பள்ளிச் சீருடை குவியும், ஆவணி, தை, வைகாசியில் முகூர்த்தம், தீபாவளிக்கு முந்தைய மாதம் யாரும் தலை நிமிர மாட்டார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, கடை கொஞ்சம் மூச்சு விடும். அதனால் சித்திரையில் தொடங்கி ஜூன் கடைசியில் முடித்து, இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு, ஆடி பிறந்ததும் கடையில் வைப்பது என்று பேசினோம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் புது மென்பொருளைக் கொண்டுபோய் வைப்பது பாவம், அவர்களுக்கும் உங்களுக்கும்.

வெளியாட்களின் அனுமதி தேவைப்படுகிற வேலையை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். "துணி தயார்" என்று எஸ்எம்எஸ் போக வேண்டும் என்றார் அக்கா. நிரலில் அது இருபது வரிதான். ஆனால் இந்தியாவில் வியாபார எஸ்எம்எஸ் அனுப்ப தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கடையைப் பதிவு செய்ய வேண்டும், அனுப்புநர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அனுப்பப் போகும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து அனுமதி வாங்க வேண்டும். கடையின் ஆவணங்களைத் தேடி எடுப்பதிலேயே ஒரு வாரம் போகும். இது உங்கள் உழைப்பால் வேகமாகாது.

தாமதமாகிவிட்டால் நண்பனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. வந்தவருக்கு அளவு பிளவுஸ் என்றால் என்ன என்பதிலிருந்து நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்த நேரம் உங்கள் வேலை நிற்கும். ஆளைக் கூட்டுவதைவிடத் துண்டைக் குறைப்பது நல்லது.

பணமும் எழுத்தும்

தெரிந்தவர் என்பதற்காக இதைப் பேசாமல் விடாதீர்கள், தெரிந்தவரிடம்தான் முதலில் பேச வேண்டும். நான் கேட்பது தொடக்கத்தில் 30 சதவீதம், அந்த முதல் இழை ஓடியதைக் காட்டியதும் 30, கடையில் வைத்ததும் 30, ஒரு மாதம் ஓடியபின் 10. கடைசி 10 அவர்களுக்கு ஒரு பிடிமானம், முதல் 30 உங்களுக்கு. அதன்பின் வருடப் பராமரிப்புக்கு என்ன தொகை, அதில் எது அடங்கும் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

நிரல் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதுங்கள். 1957-இன் பதிப்புரிமைச் சட்டப்படி (காப்பிரைட்) சம்பள வேலையில் இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருகிறவர்தான் நிரலின் முதல் உரிமையாளர், அதை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். "பணம் கொடுத்தேன், எனக்குத்தானே சொந்தம்" என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார், இதே நிரலை வேறு கடைக்கும் மாற்றி விற்கலாம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எப்படி முடிவு செய்தாலும் சரி, இரண்டு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

வேலை ஓடும்போது

சுவரில் மூன்று பத்தி: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒரு துண்டுக்கு ஒரு சீட்டு. டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த கான்பான் முறையின் எளிய வடிவம்தான். இதற்கு விலை கொடுத்து ஆப் வாங்கத் தேவையில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு, நடுப் பத்தியில் இரண்டு சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அரைகுறையாக ஐந்து இருப்பதைவிட முழுசாக ஒன்று முடிவது மேல்.

நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) முதல் நாளிலிருந்தே வேண்டும். தனியாள்தானே என்று விடாதீர்கள். அதோடு ஒரு சாதாரண கோப்பில் முடிவுகளைத் தேதி போட்டு எழுதிவாருங்கள்: "மே 9, அட்வான்ஸ் வாங்காமலும் ஆர்டர் எடுக்கலாம், அக்கா சொன்னது." இரண்டு மாதம் கழித்து ஏன் அப்படிச் செய்தோம் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

வாரம் ஒரு முறை ஓடுகிற மென்பொருளைக் காட்டுங்கள். படம் காட்டாதீர்கள், "எழுபது சதவீதம் முடிந்தது" என்று சொல்லாதீர்கள், அவர் கையில் மவுஸைக் கொடுத்துவிட்டு நீங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 2001-இல் யூட்டாவின் ஸ்னோபேர்டில் பதினேழு பேர் கூடி எழுதிய அஜைல் (மென்பொருளைச் சிறு சிறு படிகளாகச் செய்யும் முறை) கொள்கை அறிக்கையின் பின்னால் இருக்கும் கோட்பாடுகளில் ஒன்று, முன்னேற்றத்தை அளக்கும் முதன்மையான கோல் ஓடுகிற மென்பொருள்தான் என்பது. இதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் சின்ன வேலைக்குப் போதும், ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று), ஸ்டாண்ட்அப் (தினசரிச் சிறு கூட்டம்) என்ற சடங்குகள் எல்லாம் தேவையில்லை. அக்கா திரையில் எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள். ஒரு வாரம் அவர் "சேமி" பொத்தானை அழுத்தாமலே அடுத்த ஆர்டருக்குப் போய்க்கொண்டிருந்தார், பில் புக்கில் சேமிப்பது என்று ஒரு வேலை இல்லையே. பொத்தானை எடுத்துவிட்டேன், தட்டத் தட்டத் தானாகச் சேமிக்கிற மாதிரி மாற்றினேன்.

"அதையும் சேர்த்துடுங்க தம்பி"

இது வரும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், அவர்கள் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆறாவது வாரத்தில் நடந்த பேச்சு இது.

"தம்பி, ஆல்ட்ரேஷனுக்குத் தனியா ஒரு பில் வேணுமே, அதையும் சேர்த்துடுங்க."

"சேர்க்கலாம்க்கா. மூணு நாள் ஆகும். ஆடி ஒண்ணாம் தேதி மாறக் கூடாதுன்னா இதுல எதை அப்புறம் பாத்துக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

சீட்டுகளைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாத வருமான ரிப்போர்ட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "இதை நான் நோட்டுல பாத்துக்கறேன்."

முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்று தலையாட்டவும் இல்லை. எத்தனை நாள் என்று சொல்வது உங்கள் வேலை, எது முக்கியம் என்று சொல்வது அவர் வேலை. உடனே சரி சொல்லிவிட்டால் அந்த மூன்று நாளை உங்கள் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அடுத்த வாரம் இன்னொன்று வரும். அன்று மாலையே இதை இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அதுவே பதிவாகிவிடும்.

சோதனை

"டெஸ்ட் 1", "ஏஏஏ", "12345" என்று போட்டுச் சோதிக்காதீர்கள். போட்டோ எடுத்துவைத்த பழைய பில்களிலிருந்து நாற்பதை அப்படியே உள்ளிடுங்கள். நான் உள்ளிட்டபோது ஐந்து லட்சுமி வந்தார்கள், அதில் இரண்டு பேருக்கு ஒரே போன் நம்பர், மாமியாரும் மருமகளும். போன் நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான் என்று டேட்டாபேஸில் கட்டிவைத்திருந்தேன், உடைந்தது. அப்போது உடைந்தது நல்லதாயிற்று.

மின்சாரத்தைப் பிடுங்கிப் பாருங்கள். நிஜமாகவே, ஆர்டர் சேமிக்கும் நொடியில் பிளக்கை எடுங்கள். ஒரே கணினியில் ஓடும் இந்த மாதிரி வேலைக்கு எஸ்கியூலைட் (SQLite) என்ற சின்ன டேட்டாபேஸ் போதும், மொத்தத் தரவும் ஒரே கோப்பில் இருக்கும், பாதியில் நின்ற பதிவை அது தானே பின்வாங்கிக்கொள்ளும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பைச் சும்மா காப்பி எடுத்தால் காப்பி கெட்டுப்போகலாம், அதற்கென்று இருக்கும் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கடைக்கு வெளியே. எடுத்த பேக்கப்பை வேறு கணினியில் திரும்ப ஏற்றிப் பார்க்காதவரை அதைப் பேக்கப் என்று நம்பாதீர்கள்.

இன்னொன்றை மறக்காமல் பேசுங்கள். இதில் இருப்பது பெண்களின் பெயர், போன் நம்பர், உடல் அளவு. மாடியில் மாஸ்டருக்கு அளவு தெரிந்தால் போதும், போன் நம்பர் தேவையில்லை. கவுன்டரில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அளவு தெரிய வேண்டியதில்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமே வந்துவிட்டது, சட்டம் இல்லாவிட்டாலும் இது நாம் காக்க வேண்டிய நம்பிக்கை. உங்கள் லேப்டாப்பில் சோதனைக்கு வைத்த நிஜப் பெயர்களையும், எடுத்த போட்டோக்களையும் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கடையில் வைக்கும் நாள்

பழைய அளவு நோட்டுகள் எல்லாவற்றையும் உள்ளிட்டுவிட்டுத்தான் தொடங்குவது என்று இறங்காதீர்கள், தொடங்கவே மாட்டீர்கள். கையில் இருக்கும் ஆர்டர்களை மட்டும் ஏற்றுங்கள், பழைய வாடிக்கையாளர் அடுத்த முறை வரும்போது அவருடைய பக்கத்தைப் பார்த்து உள்ளிட்டால் போதும். இரண்டு வாரம் பில் புக்கும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். இரட்டை வேலை என்று முணுமுணுப்பு வரும், முன்கூட்டியே சொல்லிவைத்தால் பொறுத்துக்கொள்வார்கள். தினமும் இரவு கடை மூடும்போது பாக்கித் தொகையை இரண்டிலும் கூட்டிப் பாருங்கள். எங்களுக்கு நான்காம் நாள் 150 ரூபாய் இடித்தது, தேடினால் கணினி சரி, பில் புக்கில்தான் கூட்டல் தவறு. அன்றிலிருந்து அக்காவுக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

முதல் மூன்று நாள் கடையிலேயே இருங்கள். போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஒப்படைப்பது

ஒரு உறையில் போட்டுக் கொடுங்கள்: கடவுச்சொற்கள், எஸ்எம்எஸ் கணக்கின் விவரம், பேக்கப் எங்கே இருக்கிறது, கணினி கெட்டால் புதிதில் எப்படி ஏற்றுவது என்று ஒரு பக்கம். இணையப் பெயர் ஏதாவது வாங்கியிருந்தால் அது கடைக்காரரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. நாளைக்கு நீங்கள் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டாலும் கடை ஓட வேண்டும்.

வரி விகிதம் மாதிரியானவற்றை நிரலுக்குள் எழுதிவைக்காமல் தனி அட்டவணையில், எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று வையுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, அட்டவணையில் வைத்தவர்களுக்கு அது ஒரு வரி வேலை. பழைய பில்லைத் திரும்ப எடுத்தாலும் பழைய விகிதமே வரும்.

ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் ஒரு முறை கடைக்குப் போய் வாருங்கள். பில் புக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேசை மேலேயே இருந்தால், அதில் இன்னும் எதை எழுதுகிறார்கள் என்று கேளுங்கள், நீங்கள் விட்டது எது என்று தெரிந்துவிடும். நான் போனபோது பில் புக் இல்லை, ஸ்டேப்ளர் மட்டும் இருந்தது. தெர்மல் பில்லின் கடைப் பிரதியில் அதே மாதிரி நகம் அளவு துணித் துண்டு. துணியைப் போட்டோ எடுத்து ஆர்டரில் சேர்க்கிற வசதி செய்து கொடுத்திருந்தேன், அதை யாரும் தொடவில்லை. மாடி லைட்டில் போட்டோவில் மயில் பச்சையும் ராமர் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறதாம். மாஸ்டர் சொன்னது சரிதான், அந்த வசதியை எடுத்துவிட்டு, ஸ்டேப்ளர் அடிக்க பில்லின் கீழே இரண்டு விரல்கடை இடம் காலியாக விட்டேன்.